இறுக்குற பக்கம்

எங்க தொடங்குறதுன்னே தெரியல ரிம்மாக்கா. நான் எதச் சொன்னாலும் முன்னபின்ன மாத்திருவேன், உனக்குத் தெரியாததா. தப்பாச் சொன்னா ரெண்டு தடவ கண்ணச் சிமிட்டு. ஆமான்னா ஒண்ணு. உனக்கு ஒண்ணும் ஏறலன்னு டாக்டரம்மா சொல்றாங்க. எல்லாம் புரியுது, கண்ணால பதில் சொல்றன்னு போன வாரம் நான்தானே கண்டுபிடிச்சேன். ம், ஒண்ணு. சரி, வாயத் திற. ரவைக் கஞ்சிதான், சக்கர போட்டிருக்கு.

விமானம் விழுந்ததப் பத்தி விசாரிக்க மாஸ்கோவிலேருந்து ரெண்டு பேரு வந்தாங்க. எட்டாங் கிளாஸோட நின்னவளுக்குப் போர் விமானத்தப் பத்தி என்ன தெரியும்னு ஒருத்தன் கேக்குறான். இருபத்தாறு வருசமா அதோட பின்பக்கத்தப் பாக்குறேன், எம் புருசன் மூஞ்சியக்கூட அவ்வளவு பாத்ததில்லன்னேன். சிரிக்கிறியா? உதடு ஒரு பக்கந்தான் போகுது. பரவால்ல.

அப்புறம் வெவரமாச் சொன்னேன். மத்த விமானம் றெக்கையாலயும் வாலாலயும் திரும்பும். நம்மளுது எஞ்சின் வாயாலயும் திரும்பும். பின்னால நெருப்பு கக்குற ரெண்டு வாய், மேலயும் கீழயும் ஆடும். அதனாலதான் மூக்க வானத்துக்குத் தூக்கி ஒரு நொடி காத்துலயே நின்னு, தொரத்தி வந்தவன முன்னால போகவிட்டுப் பின்னாலேருந்து பிடிக்குது. அந்த வாய ஆட்டுற தண்டுல இருக்குற போல்ட்டு அதிர்வுல கழலாம கம்பி கட்டுறது என் வேல. கட்டுனதப் பாத்து முத்திர குத்துறது உன் வேல.

அன்னிக்கு மாசக் கடைசி. தல வெடிக்குதுடின்னு நீ கெளம்பிட்ட. முத்திரைய என் கையில குடுத்துட்டுப் போன. குடுக்கக் கூடாதுதான், ஆனா நம்ம பட்டறையில யாரு குடுக்கல? நீ வீட்டுப் படியேறும்போதே பக்கவாதம் வந்து விழுந்துட்டன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது.

கை மட்டும் நுழையுற எடம். கைக்கண்ணாடியில பாத்துத்தான் கட்டணும். கண்ணாடியில இடது வலதாத் தெரியுமில்ல, கம்பிய எதிர்ப்பக்கம் சுத்திட்டேன்க்கா. இறுக்குற பக்கம் இழுக்க வேண்டியது, கழட்டுற பக்கம் இழுக்குது. சாயங்காலம் முட்டக்கோஸ் நறுக்கும்போது கைக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது. காலைல போனா மூடி மாட்டியாச்சு. சொன்னா அதக் கழட்டி மாட்டவே ரெண்டு நாள் போகும், ஃபோர்மன் கிழிப்பாரு. அப்புறம் சொல்லிக்கலாம்னு வாய மூடிக்கிட்டேன்.

மூணாம் நாள் ருஸ்லான் அத ஓட்டிப் பாக்கப் பறந்தான். மகளிர் தினத்துக்கு நமக்கு மஞ்சப்பூ கொண்டாந்தானே, அந்தப் பையன். மூக்கத் தூக்கியிருக்கான், ஒரு வாய் திரும்பல. சுத்திக்கிட்டே வந்திருக்கு. நம்ம விமானத்துல ஓட்டுறவன் இருக்கை இருக்கே, பிடிய இழுத்தா தரையில நிக்கும்போதுகூட ஆள வெளிய தூக்கி எறிஞ்சு பாராசூட்டுல காப்பாத்தும். அவன் பிடிய இழுக்கவே இல்ல. கீழ வீடுங்க. ஆத்துப் பக்கம் திருப்பிக்கிட்டே அதோட போய்ச் சேந்துட்டான்.

அழாத. இரு, தொடச்சு விடுறேன்.

போல்ட்டு கெடச்சிருச்சு, கம்பியோட. காகிதத்துல என் கையெழுத்து, உன் நாப்பத்தேழாம் நம்பர் முத்திர. இதுக்கு என்னம்மா சொல்றீங்கன்னு கேட்டாங்க. நான் சரியாத்தான் கட்டுனேன், ரிம்மா வந்து சரியில்லன்னு அறுத்துப் போட்டுட்டு அவளே மறுபடி கட்டுனான்னு சொன்னேன். அவங்ககிட்ட ஏதாச்சும் கேக்க முடியுமான்னாங்க. முடியாது, அவளுக்கு எதுவுமே புரியலன்னுட்டேன்.

போதும், ரெண்டு ரெண்டாச் சிமிட்டாத. யாரும் பாக்கல. கஞ்சி ஆறுது, வாயத் திற.