போஸ்டரின் மூலையில் ஒரு பெயர்

டான்சோ: தொண்ணூத்து மூணு வயசுக் கிழவியோட சாவு போஸ்டருக்கு எவனாவது சிவப்பும் கறுப்பும் போடுவானா, கொனாடு? நிறைஞ்ச வயசு. வெள்ளையில்ல போடணும்?

கொனாடு: நீங்க அனுப்பின மெசேஜ்ல முப்பத்தொம்பதுன்னு இருந்துச்சுண்ணே. போட்டோவும் இளவயசுப் போட்டோ. அல்பாயுசுன்னு நெனச்சு...

டான்சோ: நெனச்சது யாரு?

கொனாடு: என் தம்பி அம்போஃபோதான். அவன்தானே டிசைனர். நான் பென் டிரைவ் தூக்கிட்டு வர்றவ.

டான்சோ: அப்ப அவனைக் கூப்பிடு. கிழவியோட குடும்பத் தலைவர் முன்னறையில உக்காந்திருக்கார். அரை மணியில மாத்தலேன்னா எதிர்க்கடைக்குப் போயிருவார். குமாசி நகரம் பூரா ஒட்டப்போற போஸ்டர்.

கொனாடு: ஃபோனை எடுக்க மாட்டேங்கிறான்.

டான்சோ: மூணு வருஷமாவே எடுக்கலையே. மெசேஜ் மட்டும் டாண்ணு வருது. ஊமையா?

கொனாடு: கூச்ச சுபாவம்.

டான்சோ: நாலு பொண்டாட்டிக்குப் பயந்து ஒளிஞ்சு திரியறான்னு நம்ம அச்சு மெஷின்காரங்க சொல்றாங்க.

கொனாடு: ஒருத்தியையே சமாளிக்க மாட்டான் அவன்.

டான்சோ: சரி, அந்தக் கம்ப்யூட்டர்ல நீ உக்காரு.

கொனாடு: நானா? உங்க டிசைனர் பசங்க...

டான்சோ: ஃபுஃபு சாப்பிட அனுப்பிட்டேன். பின்னணியை மட்டும் மாத்து, போதும்... ஏய், மெதுவா. மௌஸையே தொடாம எப்படி...

கொனாடு: பேசாம இருங்கண்ணே. வெள்ளை வந்தா தலைத்துணி மங்கும்... ஓரத்தைக் கறுப்பாக்கணும். 'என்ன அதிர்ச்சி'ங்கிற தலைப்பை எடுத்துட்டு 'நிறைவாழ்வுக்கு நன்றி', வயசு தொண்ணூத்து மூணு... ஆச்சு.

டான்சோ: ஒம்பது நிமிஷம்.

கொனாடு: தம்பி பண்றதைப் பாத்துப் பாத்து...

டான்சோ: மூலையில டிசைனர் பேர் போடலையே.

கொனாடு: எப்பவும் போல அம்போஃபோதான்.

டான்சோ: தலைவர் டிசைனரைப் பாக்கணும்கிறார். உள்ள வரச் சொல்லவா?

கொனாடு: வேண்டாம்ண்ணே. பொம்பளைன்னு தெரிஞ்சா ஆர்டர் போயிரும். இந்தத் தெருவுல பதினோரு கடை, டிசைன் நாற்காலியில ஒரு பொம்பளை உண்டா? வயசைத் தப்பா எழுதினது நீங்க. நீங்களே போய்ப் பேசுங்க.

டான்சோ: தப்பா எழுதல. வேணும்னேதான் எழுதினேன். திருத்தற கையை நேர்ல பாக்கணும்னு.

கொனாடு: சந்தேகம்... எப்ப வந்துச்சு?

டான்சோ: சந்தேகமே இல்ல. அம்போஃபோவோட சாவு போஸ்டர் என் மெஷின்லதான் அச்சாச்சு. இருபத்தாறு வயசு, லாரி டிரைவர். உடன்பிறந்தவங்க வரிசையில மொதப் பேர் உன் பேரு. ஒரு மாசம் கழிச்சு அவன்கிட்டேருந்து எனக்கு மெசேஜ் வருது, டிசைன் வேலை இருக்கான்னு.

கொனாடு: தெரிஞ்சுமா மூணு வருஷம்...

டான்சோ: ஆம்பளைப் பேருக்கு ஆர்டர் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். இப்ப எதிர்க்கடைக்காரன் அவனைத் தேடிட்டிருக்கான். அவன் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நீ என் கடை ஆளா ஆயிரணும்.

கொனாடு: தம்பி போஸ்டர்தான் நான் பண்ணினதுலயே மொதல். அதைக் கையில வெச்சுக்கிட்டு இந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்தேன். நீங்க பாக்கவே இல்ல, பொம்பளைக்கு அதுதான்னு பில் எழுதற வாசல் மேஜையைக் காட்டினீங்க. அப்புறம்தான் அவன் பேரை எடுத்துக்கிட்டேன்... இருங்க, மூலையில 'கொனாடு'ன்னு அடிச்சிடறேன். அவரை வரச் சொல்லுங்க.