இரண்டாவது சத்தம்

இந்தக் கதிரையின் கைப்பிடி கொஞ்சம் உயரம், இன்ஸ்பெக்டர் ஐயா. நாள் முழுக்க இதில் இருந்து எழுதினால் தோள் நோகத்தான் செய்யும். நீங்கள் அடிக்கடி தோளைக் குலுக்குவதைக் கவனித்தேன். எனக்கு அது பழக்கம். மயிலிட்டியில் யாருக்காவது எலும்பு முறிந்தால், மூட்டு விலகினால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கந்தப்பு தொட்டால் நோ பறந்துவிடும் என்று ஒரு பெயர் இருக்கிறது.

பின்னேரங்களில் சிலம்படி பழக்குவதும் நான்தான். தடியைவிட எனக்குக் கைப்பூட்டில் விருப்பம் அதிகம். எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்கத் திருப்பி, முழங்கைக்குக் கீழே நம் கையைக் கொடுத்து மணிக்கட்டை அமத்தினால் எந்தப் பயில்வானும் நுனிக்காலில் எழும்பி நிற்பான். இரத்தம் இல்லை, கூச்சல் இல்லை. கண்ணியமான வித்தை அது.

தேவராசா என் தங்கை செல்வநாயகியின் புருஷன். வலை இழுத்துத் தேறிய உடம்பு. மனதில் கள்ளம் இல்லாதவன், ஆனால் வாய் சும்மா இராது. இந்த வருடம் அம்மன் கோயில் திருவிழாவில் நான் வீதியில் பூட்டுகளைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அவன் சனத்துக்குள் நின்று குரல் கொடுத்தான்.

"கையை இரவல் குடுத்தால் நானும் பூட்டுவன், மச்சான். தராதவன்ரை கையைப் பூட்டிக் காட்டும் பாப்பம்."

வா என்றேன், வந்தான். மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் கைமுட்டியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டான். வியர்வையில் என் பிடி வழுக்கியது. மறுபடி பிடிக்கப் போனேன். அவன் மற்றக் கையால் என்னை இடுப்போடு அணைத்துத் தூக்கி, கச்சான் கடலை விற்கிற பூரணத்தின் ஓலைக் கடகத்துக்குப் பக்கத்தில் பிள்ளையை இறக்குவதுபோல் இறக்கி வைத்தான். வீதி முழுக்கச் சிரிப்பு. செல்வநாயகியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். யோசித்துப் பார்த்தேன். சண்டையில் எவனும் கையை நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. இழுப்பான், நெளிவான், மற்றக் கையால் மூக்கில் குத்துவான். ஆனால் அது பூட்டின் குற்றம் அல்ல. எதிராளி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் போதும், பூட்டு விழும். விழுமா என்று யாரும் கடைசிவரை அமத்திப் பார்த்ததில்லை. பழகும்போது பாதியில் விட்டுவிடுகிறோம். எனக்கு அந்த மீதிப் பாதியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஆடி மாதம் வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது கயிறு சுற்றி இழுத்து அவனுடைய வலது முழங்கை விலகிவிட்டது. ஆசுப்பத்திரிக்குப் போவோம் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். "என்ரை மச்சான் இருக்கேக்கை ஆசுப்பத்திரி என்னத்துக்கு?" என்று அவனே கேட்டானாம். நடந்தே வந்தான்.

மூட்டு ஏற்றுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. நோயாளி வாயில் துணிச்சுருளைக் கடித்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்ப வேண்டும். கையைத் தன்னுடையதல்ல என்று விட்டுவிட வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டும். செல்வநாயகி பிடித்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தான். நான் எண்ணெய் போட்டு உருவி, மெதுவாக இழுத்தேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மூட்டு இருந்த இடத்துக்கே போய்விட்டது. அவன் மூச்சுவிட்டான். நல்ல வேலை அது, இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

"ஏறிட்டுதெல்லே, அண்ணை?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு. தோளை விடாமல் பிடி" என்றேன்.

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் அவன் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினேன். முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்தேன். அவன் இழுக்கவில்லை, நெளியவில்லை. நான் அவசரப்படாமல் அமத்தினேன். நுனிக்காலில் எழும்புகிற இடத்தையும் தாண்டி அமத்தினேன். இரண்டாவது சத்தம் காய்ந்த பனைமட்டை முறிவதுபோல் கேட்டது. பூட்டு சரியாக விழுந்திருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, ஐயா. அதை மறைத்து என்ன பயன்?

பிறகு கட்டினேன். உளுத்தம்மா, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை எல்லாம் வழக்கம்போலத்தான். எலும்பை நேரே பொருத்தியிருந்தால் சுகம் வந்திருக்கும். சுகம் வந்தால் வரும் திருவிழாவில் மறுபடியும் கதைப்பான். ஆகவே முறிந்ததைப் பொருத்தாமல், மடங்கிய வாக்கில் இறுக்கிக் கட்டினேன். எப்ப அவிழ்க்கிறது என்று செல்வநாயகி வந்து வந்து கேட்டாள். பொறு என்றேன். அவிழ்த்தபோது கை மடங்கியபடியே இறுகிப்போயிருந்தது. இனி அது நீளாது. துடுப்புப் பிடிக்க முடியாது, வலை இழுக்க முடியாது. இப்போது வாடியில் காயப்போட்ட கருவாட்டுக்குக் காகம் கலைக்கிறான். அவளே கடகம் தூக்கி மீன் விற்கப் போகிறாள்.

பெரியாசுப்பத்திரியில் எக்ஸ்றே எடுத்த டொக்டர், இது கயிறு இழுத்த முறிவு இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்போதுதான் அவளுக்கு இரண்டாவது சத்தம் விளங்கியிருக்கிறது. என் வீட்டு வாசல் படலையில் நின்று கத்தினாள். "அவர் நம்பித் தந்த கை, அண்ணை. நானே பிடிச்சுக் குடுத்தன். இதுக்குப் பேர் பூட்டோ?" அங்கிருந்து நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

பெண்பிள்ளைக்கு வித்தை விளங்காது. நான் கோபத்தில் செய்ததாக அவள் சொன்னதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். அதைத் திருத்த வேண்டும். வேண்டும் என்றுதான் முறித்தேன், வேண்டும் என்றுதான் கோணலாகக் கட்டினேன். ஆனால் அது நேர்மையான போட்டி. அவனே அதை ஒத்துக்கொண்டான்.

கட்டுப் போட்டு முடித்த அன்று வெளிக்கிடும்போது வாசலில் நின்றான். நோவில் கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில்லாத இடக்கையை நெற்றிவரை உயர்த்தி, "பெரிய புண்ணியம், மச்சான்" என்றான்.

எங்கள் களத்தில் தோற்றவன்தான் கும்பிடுவான், ஐயா. அதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.