சுத்தமான தொட்டி

...பின்ன என்னங்க சார், சாயப்பட்டறைன்னா தண்ணி செவப்பாத்தான் வரும், பாலாவா ஓடும்? மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர்ங்கறதுக்காக அந்த சாம்பிள் பாட்டில வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்குறீங்களே! போன தடவ வந்தப்ப செவப்பு இல்லாமத்தான் இருந்துச்சு... ஆமா, நான் இல்லைங்கல. இன்னிக்குத்தான் அதுக்கு என்னமோ கிறுக்குப் புடிச்சிருக்கு.

எல்லாம் எங்க மாப்ளயால வந்தது. என் தங்கச்சி புருஷன் சார், இங்கதான் கெமிஸ்டு. சாயத் தண்ணி சுத்தம் பண்ற தொட்டிய நான் பாத்துக்குறேன், அதுல ஊத்துற மருந்த அவன் பாத்துக்குறான். நானே அங்கயும் இங்கயும் அலைஞ்சு பேசி முடிச்ச கல்யாணம். இன்னி வரைக்கும் ரெண்டு பேர் வாயிலேருந்தும் ஒரு நல்ல வார்த்தை வரல, அத விடுங்க. படிச்சவன்தான், ஆனா சுத்தம்னா கிலோ என்ன விலைன்னு கேப்பான்! மக்குன இலையயும் மண்ணயும் ஊற வெச்சு, கன்னங்கரேல்னு ஒரு சாறு எடுத்து தொட்டியில ஊத்துறான். ஹியூமிக்காம். வாயில நொழையுதா பாருங்க!

உள்ள கல்லு மேல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க ஒட்டிக்கிட்டு இருக்காம். அதுங்கதான் சாயத்த உடைக்குமாம். உடைக்கட்டும், யாரு வேணாங்கறா? ஆனா நேரா குடுக்க வராதாம் மகராசனுங்களுக்கு! இந்தக் கருப்பு போய் கிருமிகிட்ட வாங்கி சாயத்துகிட்ட குடுக்குமாம், மறுபடி வந்து வாங்குமாம், மறுபடி போய்க் குடுக்குமாம்... என்னத்தடான்னேன். எலக்ட்ரான்னான். கரண்டான்னேன். கிட்டத்தட்டன்னான். என்னைப் பாத்தா இளிச்சவாயன் மாதிரியா சார் இருக்கு?

மொத்தத்துல தரகன்! தரகனக் கண்டாலே எனக்கு ஆகாது. நேருக்கு நேர் பேசி முடிச்சுக்க வேண்டியதுதானே?

முன்ன ஒருக்கா செவப்பா வந்ததுக்கே, இன்னொரு தடவ வந்தா பட்டறைக்குப் பூட்டுன்னு சொல்லிட்டுப் போனீங்க. அதுக்கப்புறம்தான் அவன் இந்தக் கருப்பு வேலைய ஆரம்பிச்சான். இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு கேட்டதும், இந்தக் கருப்பப் பாத்தா பூட்டிருவீங்கன்னு தொட்டிகிட்ட ஓடுனேன். பூட்டுனா அவன் வேல போகும், தங்கச்சி வேற மாசமா இருக்கா. அவன் லீவுல இருக்கான். குடும்ப மானத்த நாமதானே காப்பாத்தணும்? மோட்டாரப் போட்டு அந்தக் கருப்புத் தண்ணிய ஒரு சொட்டு விடாம இறைச்சு, கல்லெல்லாம் நல்ல தண்ணியில பதமா அலசி... கிருமிங்கள தொடவே இல்ல சார், சத்தியமா! எல்லாம் அப்படியே ஒட்டிக்கிட்டு சௌக்கியமா இருக்கு. எட்டிப் பாருங்க, தொட்டியில முகம் பாத்துத் தலை சீவலாம்! இப்ப எந்தத் தரகனும் கெடையாது. கிருமி தன் பாட்டுக்கு சாயத்த நேரா...

நேரா...

ஐயய்யோ. நேராத்தான் குடுக்க வராதுன்னு சொன்னானே!

சார், பாட்டில மூடாதீங்க சார்! எழுதிராதீங்க, கொஞ்சம் பொறுங்க! ஐயோ, அவன்கிட்ட இத நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்லுவேன்? நேர்ல போனா கொன்னே போட்டுருவான். தங்கச்சிகிட்ட சொன்னா ஒப்பாரி வெப்பா. நீங்க படிச்சவங்க, நாலு பேரப் பாத்தவங்க... நீங்களே நடுவுல நின்னு அவன்கிட்ட பக்குவமா ஒரு வார்த்தை...

சார்? வண்டிய எடுக்காதீங்க சார்!