மாமியார் முகம் பாராத மருமகன்

இராஜம்மா: கத்தாதடா வாலண்டைன்! கொட்டகை வாசல்ல நின்னு கத்துனா நின்னு போன கல்யாணம் திரும்பி வந்துடுமா?

வாலண்டைன்: பின்ன என்னக்கா? நாலு நாள்ல கல்யாணம். மகதலேனா அத்தை பாதிப் படத்துல எழுந்து, "என் பொண்ணு சாந்தமேரியை இவனுக்குக் குடுக்க மாட்டேன்"னு கூட்டத்துல சொல்லிட்டுப் போறாங்க. நான் என்ன செஞ்சேன்?

இராஜம்மா: என்ன செஞ்சியா? ஒரு துரை மலைக்கே போயி, அங்க இருக்கிறவங்களை அப்படியே பிடிச்ச படம்; பேச்செல்லாம் மலைக்காரங்க பாஷை. ஒருத்தருக்கும் புரியாது. திரைக்குப் பக்கத்துல நின்னு நீ தமிழ்ல சொல்றதுதான் கதை. கீழ ஊர்ல வேலை பாத்தவன் மலை வீட்டுக்குத் திரும்பி வரான். மாமியாரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கிறான். அதுக்கு என்ன சொன்ன?

வாலண்டைன்: "இந்த மூஞ்சியைப் பாக்கவா இத்தனை மலை ஏறி வந்தேன்"னு... கூட்டம் சிரிச்சுதேக்கா!

இராஜம்மா: மகதலேனாவைப் பாத்துகிட்டே சொன்ன.

வாலண்டைன்: முன் பெஞ்சுல உக்காந்திருந்தா எங்க பாக்குறது? கூரையையா?

இராஜம்மா: அது மரியாதைடா மடையா! அவங்க வழக்கத்துல மருமகன் மாமியாரை நேருக்கு நேர் பாக்கக்கூடாது, பேசக்கூடாது. "அம்மா முதல்ல போகட்டும், நான் ஒதுங்கிக்கிறேன்னு சொல்லுங்க பிள்ளைங்களா"ன்னு பக்கத்துல இருந்த பிள்ளைங்ககிட்ட சொல்றான்.

வாலண்டைன்: அருமையான வழக்கம்லா! நம்ம பிரிக்பீல்ட்ஸுக்கும் வந்தா... இருங்க. அவன் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?

இராஜம்மா: மூஞ்சியைப் பாத்தா தெரியாதா?

வாலண்டைன்: "பிள்ளைங்களா"ன்னு மூஞ்சியில எழுதியிருந்துச்சா?

இராஜம்மா: என்னைக் கிண்டாத. நீதானே மூணு வருஷம் காட்டிலாகாவுல இருந்து அந்தப் பாஷையைக் கரைச்சுக் குடிச்சவன்?

வாலண்டைன்: அது... காட்டிலாகாதான். காஜாங் ஆபீஸ்ல தபாலுக்கு முத்திரை குத்துனேன். மரத்தையே ஜன்னல் வழியாத்தான் பாத்தேன்.

இராஜம்மா: அடப்பாவி! அப்ப இன்னிக்குச் சொன்ன கதை பூரா...

வாலண்டைன்: புளுகு. சாந்தமேரிக்குக்கூடத் தெரியாது. மானத்தை வாங்கிடாதீங்க.

இராஜம்மா: அவளுக்காகப் பாக்குறேன். நாளைக்கு மத்தியானக் காட்சிக்கு மகதலேனாவை இழுத்துட்டு வந்து உக்கார வைக்கிறேன். அப்புறம் திரைக்குப் பின்னாடி வந்து நான் மெதுவா சொல்றேன், நீ உரக்கச் சொல்லு.

வாலண்டைன்: நீங்க கிள்ளான்காரிதானே? மலைப் பாஷை எப்படி...

இராஜம்மா: செத்துப்போன என் வீட்டுக்காரரு கன்னையா மலையில ரோடு போட்டவரு. அவரு கத்துக் குடுத்தாரு. போதுமா? வெளியில மூச்சு விட்ட...

வாலண்டைன்: ஊரு ரகசியத்தை எல்லாம் குழாயடியில கொட்டுற ஆளு நீங்க. உங்க ரகசியத்தை நான் காப்பாத்தணுமா?

இராஜம்மா: ஆமா.

* * *

வாலண்டைன்: அக்கா! கல்யாணச் சாப்பாடு சூடு ஆறல, அதுக்குள்ள மூட்டையோட கிளம்பிட்டீங்க?

இராஜம்மா: உன் கல்யாணத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். நீயும் சாந்தமேரியோட கிள்ளானுக்குக் குடி போற. அப்புறம் நான் இங்க யாரைப் பத்திப் பேசுறது?

வாலண்டைன்: என் மாமியாரைப் பத்திப் பேசுங்க. அந்த மத்தியானக் காட்சியில படம் பாத்து அழுதுட்டாங்க. "அந்த மலைக்காரன் மாதிரி மரியாதையா இரு"ன்னாங்க. அதான், அவங்க எதிர்ல வாயே திறக்குறதில்ல. ரெண்டு பேருக்கும் நிம்மதி.

இராஜம்மா: பொழைச்சுக்குவ. வழியை விடு, ரயில் போயிடும்.

வாலண்டைன்: எங்கக்கா?

இராஜம்மா: தாப்பாவுக்கு. அங்கேருந்து மலைக்கு. இனிமே இங்க வர மாட்டேன்.

வாலண்டைன்: மலையில யாரு இருக்கா உங்களுக்கு? ...ஆமா, கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்குத் திரைக்குப் பின்னாடி எனக்குச் சொல்லிக்கிட்டே வந்தவங்க ஒரு இடத்துல சட்டுனு நிறுத்திட்டீங்களே? கிழங்கு சுட்டுகிட்டே ஒரு கிழவி ஏதோ கேட்டுச்சு. நான் பதறிப் போய், "உப்பு எங்கடி"ன்னு அடிச்சு விட்டேன்.

இராஜம்மா: உப்பைக் கேக்கலடா... படம் பிடிக்க வந்த துரைகிட்ட, "ரோடு போட வந்தவனோட இறங்கிப் போன என் மக கீழ எங்கயாச்சும் உசுரோட இருக்காளா"ன்னு கேட்டுச்சு. அது எங்க ஆத்தாடா.