மஞ்சள் பட்டை

லாமிங்டன் கேக் எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. சாக்லேட் ஒரு பக்கம் தடித்துவிடும், தேங்காய்த் துருவல் மறுபக்கம் உதிரும். எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான மின்னஞ்சலைத் திறந்து ஏமாந்தவர் வெள்ளிக்கிழமை தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும். ஜூன் மாதம் ஏமாந்தது நான். வரவேற்பு மேசையோடு கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பு. மாலை வகுப்பில் அதைத்தான் படித்துக்கொண்டும் இருந்தேன்.

நர்ஸ் கிளெனிஸ் ஒரு காகிதத்தில் 'பிரையனி' என்று என் பெயரை எழுதி, வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருந்த ஃப்ரிட்ஜில் ஒட்டினார்.

"படிக்கிற பிள்ளையே மாட்டிக்கிச்சா? போய் ஃபீஸைத் திருப்பிக் கேளு கண்ணு."

காத்திருந்த நோயாளிகளும் சிரித்தார்கள். அந்தக் காகிதம் நாற்பத்து மூன்று நாள் அங்கேயே இருந்தது. என் நோட்டில் குறித்திருக்கிறேன்.

கிளெனிஸ் ஒருமுறைகூடக் கேக் கொண்டுவர நேர்ந்ததில்லை. 'இணைப்பு தடுக்கப்பட்டது' என்ற மஞ்சள் பட்டையோடு எது வந்தாலும் உடனே அழித்துவிடுவார். என்னிடம் கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்காது.

ஆகஸ்ட் நான்காம் தேதி, அவர் சாப்பிடப் போயிருந்தபோது, அவருடைய மின்னஞ்சல் தடுக்க வேண்டிய கோப்பு வகைகளின் பட்டியலில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தேன். அடிலெய்ட் பரிசோதனைக்கூடம் ரத்த முடிவுகளை அனுப்பும் வகை அது. முடிவுகள் அவருக்குத்தான் வரும்; அவர்தான் டாக்டரிடம் கொண்டுபோவார். சரியாகச் செய்தேனா என்று சந்தேகமாக இருந்ததால் மூன்று முறை சோதித்தேன். அவர் என் மேசைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து பத்துக்கு வார்விக் டன்ஸ்டனின் முடிவு வந்தது. சிப்பி வளர்ப்பவர். பத்து பதினான்குக்கு கிளெனிஸ் அதை அழித்தார். என் மேசையிலிருந்து எல்லாருடைய அஞ்சலையும் பார்க்கலாம். திறந்து படித்தேன். பொட்டாசியம் மிக அதிகம், இதயம் நின்றுவிடக்கூடும், இன்றே டாக்டர் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

பதினொரு மணிக்குப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"டன்ஸ்டனோட ரிசல்ட் வந்துச்சாங்க? ரொம்ப அவசரம்."

"வந்துடுச்சு. நர்ஸுக்கு வந்திருக்கு."

இரண்டும் உண்மை.

மதியம் வார்விக்கே வந்தார், ஒரு பை சிப்பியோடு.

"என்ன பொண்ணே, என் ரத்தம் என்ன சொல்லுது? கையெல்லாம் மரத்துப் போகுது."

"ஏதாவது இருந்தா நர்ஸ் கூப்பிடுவாங்க."

"கிளெனிஸ் கூப்பிடலைன்னா நான் இன்னும் நூறு வருஷம் இருப்பேன்னு அர்த்தம். காலையில படகை இறக்கிடறேன்."

சிரித்துக்கொண்டே போனார். மறுநாள், புதன்கிழமை, படகிலேயே இறந்துகிடந்தார். அன்று மதியமே பட்டியலைப் பழையபடி மாற்றிவிட்டேன். அழித்தது கிளெனிஸ் என்பதால் கிளெனிஸின் வேலை போனது. போகும்போது, "எனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?" என்று என்னிடம்தான் அழுதார். தண்ணீர் கொடுத்தேன்.

விசாரிக்க வந்த நீங்கள் கம்ப்யூட்டர் பதிவுகளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நேரங்கள் தவறாகப் பதிவாகிவிடக்கூடாது. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கே வார்விக்கின் முடிவை அச்செடுத்து, கிளெனிஸ் கேட்டவுடன் கொடுக்க வசதியாக, என் மேசை இழுப்பறையில் மேலாகவே வைத்திருந்தேன். சாயந்திரம் ஐந்தரை வரை காத்திருந்தேன். நான் அவ்வளவு ஆயத்தமாக இருந்தும் அவர் வரவில்லை.