மூணாவது விசில்

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகும் பேருந்து. எனக்கு முன்சீட்டில் இரண்டு தோழிகள்.

"இப்போ போற ஸ்டூடியோல அடுப்பு இருக்குமாடி?"

"சின்னக் கடைக்காராளுக்கு நீ யோசனை சொல்ற வீடியோ. அதுக்கு அடுப்பு எதுக்கு?"

"கோட்டு போட்டுண்டு பேசினதை ஒருத்தரும் பாக்கலை. ஆத்துல பேசிண்டிருக்கச்சே மூணாவது விசில் வந்து, 'ஒரு நிமிஷம்'னு ஓடிப்போய் அணைச்சுட்டு வந்தேனே, அதைத்தான் ஊரே பாக்கறது."

"அதுக்காக? உன் தொழிலுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?"

பயணச்சீட்டுக் கட்டோடு வந்த நடத்துனர் அடுப்பு கேட்டவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"குக்கர் மேடம்! என் சம்சாரம் டெய்லர் கட வச்சிக்கினு கீது. அதுக்கும் ஒரு ஐடியா குடுங்க மேடம்!"

கௌரவம் கேட்ட தோழி எழுந்தாள்.

"எறங்குடி, உங்காத்துக்கே போலாம். பருப்பு இருக்கோல்லியோ?"