மருந்துக்கடைக்காரருக்குப் போடாத ஓட்டு

ரேணிகுண்டாவில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சுவரில், இறந்துபோன எம்.எல்.ஏ.வுக்கு அஞ்சலி போஸ்டர். அரசியலுக்கு வருமுன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். பக்கத்தில் யூனிஃபார்ம் கோட்டு போட்ட இரண்டு பெண்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இவருக்கு ஓட்டே போடலக்கா," என்றாள் இளையவள்.

"ஏன்டி? உங்க நைனாவுக்கு இழுப்பு வந்தப்பல்லாம் மூடின கடையத் தொறந்து மருந்து குடுத்தவராச்சே."

"அதான்க்கா போடல. ஜெயிச்சா கடைய மூடிடுவாரே."



"நான் போட்டேன். ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டாருவாருன்னு நம்பினு இருந்தேன். சொன்ன மாதிரியே கட்டிக் குடுத்தாரு."

"கட்டினாரு. நைனா செத்த அன்னிக்கு அங்கதான் தூக்கினு ஓடினோம். மருந்து எடுத்துக் குடுக்க ஆளில்லக்கா."